ஆயா செத்த அன்னிக்கு மழை இல்லை, கட்டுரையில் பெய்கிறது. வைக்கலாமா?

புளியம்பூ (பென்னாகரம்)
ஞாயிறு, இரவு 9.42

வணக்கம். ஆறு மாதமாக இங்கே எல்லோரும் எழுதுவதை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் வாய் திறக்கிறேன், அதுவும் ஒரு சிக்கலோடு.

எங்கள் ஆயாவை, அதாவது பாட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். கதை இல்லை. நடந்ததுதான், ஆனால் கதை மாதிரி படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு எழுதியது. ஆயாவுக்கு வேலை புளி தட்டுவது. மாசி, பங்குனி வந்தால் எங்கள் வாசலில் கால் வைக்க இடம் இருக்காது, எல்லாம் புளி. கல்லின் மேல் வைத்து, சின்ன இரும்புத் தடியால் ஒரு தட்டு. ஓடு உதிரும். நாரை உருவி, கொட்டையைப் பிதுக்கி, சதையைக் கூடையில் போட வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் ஆயாவின் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். அந்தக் கையால் களி உருட்டிக் கொடுத்தால் களியும் புளிக்கும்.

1998 மார்ச்சில் ஆயா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. கட்டுரையை இப்படி முடித்திருந்தேன்:

"ஆயாவைக் கிடத்தியபோது வானம் கறுத்தது. சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. தட்டாமல் கிடந்த புளியெல்லாம் நனைந்தது. வானமே ஆயாவுக்காக அழுதது."

சித்தப்பாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு போன் போட்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்குது பாப்பா. ஆனா அன்னிக்கு ஏது மழை? வெயில்ல கால் வெக்க முடியல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வாசலெல்லாம் ஈரம், என் பாவாடை ஓரம் நனைந்திருந்தது. ஆனால் சித்தப்பா அப்போது பெரிய ஆள், நான் சின்னப்பிள்ளை. மழையை எடுத்துவிட்டால் முடிவே இல்லாமல் போகிறது. வைக்கலாமா, கூடாதா?

இன்னொன்றும் இருக்கிறது. ஆயா கடைசியாக அம்மாவிடம் பேசியது என்று அரைப் பக்கம் உரையாடல் வைத்திருக்கிறேன். அந்த நேரம் நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அது முழுக்க நானே எழுதியது.


மாங்கொட்டை (கிருஷ்ணகிரி)
ஞாயிறு, இரவு 10.05

உங்கள் ஆயா, உங்கள் கட்டுரை. மழை பெய்யட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? உணர்வு உண்மையாக இருந்தால் போதும். சித்தப்பாவுக்காகவா எழுதுகிறீர்கள்?


தொப்பூர்_கணவாய் (தருமபுரி)
ஞாயிறு, இரவு 10.31

// சித்தப்பாவுக்காகவா எழுதுகிறீர்கள்? //

ஆமாம், சித்தப்பாவுக்காகவும்தான். 'சிறுகதை' என்று தலையில் போட்டால் பென்னாகரத்தில் பனிமழைகூடப் பெய்யலாம், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். 'நடந்தது' என்று சொன்ன பிறகு வாசகர் உங்களை நம்பிக் கையைக் கொடுத்துவிடுகிறார். மழை பொய் என்று தெரிந்த அந்த நிமிடம், புளி தட்டும் பத்தியையும் அவர் சந்தேகப்படுவார். அந்த வெளுத்த விரல் நிஜம். ஒரு பொய் மழைக்காக அதையும் சேர்த்துப் பறிகொடுப்பீர்களா?

அப்புறம் 'வானமே அழுதது'. மழை நிஜமாகவே பெய்திருந்தாலும் இதை அடிக்கச் சொல்லியிருப்பேன்.


மாங்கொட்டை (கிருஷ்ணகிரி)
ஞாயிறு, இரவு 10.58

அப்படியானால் அமெரிக்க எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டியை என்ன செய்வீர்கள்? கான்சஸ் மாநிலத்தில் 1959இல் நடந்த ஒரு குடும்பக் கொலையை வைத்து அவர் 1966இல் கொண்டுவந்த 'இன் கோல்ட் பிளட்' புத்தகத்தைத்தான், நடந்ததைக் கதை மாதிரி எழுதுகிற இந்த வகைக்கே முன்னோடி என்கிறார்கள். நாவல் மாதிரியேதான் இருக்கும்.


ஒசூர்_நிருபர் (ஒசூர்)
திங்கள், காலை 6.20

தம்பி, அதே புத்தகத்தைத்தான் நானும் சொல்ல வந்தேன், ஆனால் எதிர்ப்பக்கத்துக்கு. அதன் கடைசிக் காட்சி, கல்லறைத் தோட்டத்தில் அந்தத் துப்பறியும் அதிகாரி இறந்த பெண்ணின் தோழியைச் சந்திப்பது, நடக்கவே இல்லை. முடிவு வேண்டும் என்பதற்காகக் கபோட்டி கட்டியது. அத்தனை வருடம் அலைந்து திரட்டிய மனிதர் அவர். ஆனால் இன்றைக்கு அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அந்தக் கல்லறைக் காட்சியும் கூடவே வந்து நிற்கிறது. கவனித்தீர்களா, அவரும் முடிவில்தான் சறுக்கினார். நம் புளியம்பூவும் முடிவில்தான்.

உரையாடல் விஷயத்துக்கு வருகிறேன். நேரில் பார்க்காத காட்சியை எழுதவே கூடாது என்று இல்லை. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜான் ஹெர்ஸி ஹிரோஷிமா பற்றி எழுதியது 1946 ஆகஸ்டில் 'நியூ யார்க்கர்' இதழ் ஒன்று முழுக்க வந்தது. குண்டு விழுந்த நொடியில் ஒரு அலுவலகப் பெண் பக்கத்து மேசைப் பெண்ணிடம் பேசத் தலையைத் திருப்பினாள் என்றுதான் தொடங்குகிறது. ஹெர்ஸி அங்கே இல்லை. பிழைத்த ஆறு பேரை வைத்து எழுதினார். உட்கார்ந்து கேட்டிருக்கிறார், தலையை எந்த நேரம் எதற்குத் திருப்பினாய் என்கிற அளவுக்கு. கற்பனைக்கும் அதற்கும் அவ்வளவுதான் தூரம்.

உங்கள் அம்மா இருக்கிறார்கள் அல்லவா? கேளுங்கள். ஆனால் 'ஆயா கடைசியா என்ன சொன்னாங்க?' என்று கேட்காதீர்கள், அப்படிக் கேட்டால் சினிமா வசனம்தான் வரும். 'அன்னிக்குக் காலையில அடுப்புல என்ன இருந்தது?' என்று தொடங்குங்கள். நான் இருபது வருடமாகச் சாவு வீட்டிலும் விபத்து இடத்திலும் நின்று கேட்டுப் பழகியது இது. அடுப்பிலிருந்து தொடங்கினால் ஆட்கள் தானாக அந்த அறைக்குள் போய்விடுவார்கள்.


நெறியாளர்
திங்கள், காலை 9.00

நடந்ததைக் கதை மாதிரி எழுதும் கிரியேட்டிவ் நான்ஃபிக்ஷனைத் தமிழில் அபுனைவு என்பதா, புனைவிலி என்பதா, 'புனைவு சாரா இலக்கியம்' என்பதா என்று நடந்த 14 பதிவுச் சண்டையைத் தனி இழைக்கு மாற்றிவிட்டேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள். இங்கே மழை மட்டும்.


ஓய்வு_வாத்தியார் (ஊத்தங்கரை)
திங்கள், பகல் 11.45

அமெரிக்காவுக்குப் போவானேன், எங்கள் ஊரிலிருந்து செங்கம் பக்கம் போனாலே போதும். எடுத்தனூர் நடுகல் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகேந்திர பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டு என்று போட்டிருக்கிறது, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவகத்தி என்கிற ஒருவன் தன் எருமைகளைக் காக்கப் போய் இறந்ததற்கு நட்ட கல். எந்த அரசன், எத்தனையாவது ஆண்டு, யாருடைய ஆள், எதற்காகச் செத்தான், அவ்வளவும் சில வரியில் முடிந்துவிடுகிறது.

ஆனால் அந்தக் கல்லில் வீரன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதற்குத் தனியாக ஒரு வாசகம். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது.

நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் வீரன் பெயரை மறந்துவிடுவார்கள், நாய் பெயரை மறக்க மாட்டார்கள். 'ஆருயிர் நாய்' என்றோ 'வீர நாய்' என்றோ கல்வெட்டில் இருந்திருந்தால் அதுவும் மறந்திருக்கும். பெயர், எத்தனை கள்ளர், என்ன செய்தது. 1400 வருடம் கழித்தும் அந்த நாய் நிற்கிறது. கல்லில் வெட்டுகிறவனுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் கை வலிக்கும், அதனால் தேவையில்லாததை வெட்ட மாட்டான். நமக்குக் கணினியில் வலி இல்லை, வானத்தை அழ விடுகிறோம்.

தருமபுரி அருங்காட்சியகத்திலும் நடுகற்கள் நிறைய இருக்கின்றன. பேருந்து நிலையத்தில் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டு வரலாம். எழுத வருகிறவர்களை நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன்.


நர்ஸக்கா (அரூர்)
திங்கள், இரவு 8.15

எனக்கு இலக்கியம் எல்லாம் தெரியாது, படிப்பேன். ஆனால் ஒன்று சொல்கிறேன் கண்ணு. ஒன்பது வயதுக் குழந்தைக்குப் பாவாடை நனைந்தது ஞாபகம் இருக்கிறது என்றால், பாவாடை நனைந்திருக்கும். அதை யாரும் கற்பனை செய்ய மாட்டார்கள். மழைதான் நீங்கள் பின்னால் சேர்த்தது, ஈரத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்று.

அதனால் சித்தப்பா சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. அந்தத் தண்ணீர் எங்கே இருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். குளிப்பாட்டிய தண்ணீராக இருக்கலாம்.


தொப்பூர்_கணவாய் (தருமபுரி)
திங்கள், இரவு 8.22

அக்கா, இந்த இழையிலேயே நல்ல பதில் இதுதான்.


பாலக்கோடு_தம்பி (பாலக்கோடு)
திங்கள், இரவு 9.50

இடையில் புகுந்து ஒரு சந்தேகம், மன்னிக்கவும். எங்கள் பக்கத்துத் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது, மேலே போனால் பல் கறைபடுவது, இன்னும் அதிகமாகி வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையே பிடிப்பது, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, எல்லாம் எழுதிவிட்டேன். ஒரு பொய் இல்லை. ஆனால் படித்தவர்கள் எல்லாம் 'நல்ல தகவல் தம்பி' என்கிறார்கள். அது பாராட்டா, திட்டா?


ஒசூர்_நிருபர் (ஒசூர்)
திங்கள், இரவு 10.10

திட்டுதான். வீட்டில் யாருக்காவது அந்தப் பல் இருக்கிறதா?


பாலக்கோடு_தம்பி (பாலக்கோடு)
திங்கள், இரவு 10.14

அக்காவுக்கு. பழுப்புக் கோடு கோடாக. கல்யாண ஆல்பம் முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் இருப்பாள். ஒரே ஒரு படத்தில் சிரித்துவிட்டாள், அதில் முந்தானையால் பாதி வாயை மறைத்திருக்கிறாள்.


ஒசூர்_நிருபர் (ஒசூர்)
திங்கள், இரவு 10.19

அந்த முந்தானையில் தொடங்குங்கள். 1.5 மில்லிகிராம் மூன்றாவது பக்கத்தில் வரட்டும். அப்போது அது எண்ணாக இருக்காது, அக்காவின் வாய்க்குள் இருக்கும். ஆனால் அக்காவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். உங்களுக்கு அது கட்டுரை, அவர்களுக்கு அது முகம்.


புளியம்பூ (பென்னாகரம்)
புதன், இரவு 11.30

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் தூங்கவில்லை. நர்ஸக்கா சொன்னதுபோல் தண்ணீரைத் தேடிப் போனேன்.

அம்மாவுக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அப்பா சாவு, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் செலவு நோட்டு வைப்பவர். அவர் போய் எட்டு வருடம் ஆகிறது, நோட்டுகள் பரணில் தகரப் பெட்டிக்குள் இருந்தன. 1998 நோட்டு கிடைத்தது. பச்சை அட்டை, ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. அப்பாவின் கையெழுத்தில் ஒரு பக்கம்: மூங்கில், பூ, பறை 4 பேர், டீத்தூள், சர்க்கரை, சாக்கு 2. அதற்கு நடுவில், ஐஸ் 4 பார், வண்டியோடு 320.

ஐஸ்.

பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்த அத்தைக்குத் தகவல் சொல்லி அவர்கள் வந்து சேர மறுநாள் ஆகிவிட்டதாம். இப்போது மாதிரி குளிர்ப்பெட்டி அன்றைக்கு எங்கள் ஊருக்கு வரவில்லை. பெஞ்சில் கிடத்தி அடியில் ஐஸ் கட்டியை வைத்திருக்கிறார்கள். நோட்டைக் காட்டியதும் அம்மாவுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. நான் பெஞ்சின் கால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனாம், எழுப்பினாலும் எழவில்லையாம்.

முடிவை மாற்றி எழுதினேன்:

"அத்தை வர மறுநாள் ஆகும் என்றார்கள். ஆயாவைப் பெஞ்சில் கிடத்தி, அடியில் நான்கு பார் ஐஸ் வைத்தார்கள். வெயில் ஏற ஏற ஐஸ் கரைந்து வாசல்படியைத் தாண்டி ஓடியது. யாரோ சாக்கை மடித்துப் போட்டு அணை கட்டினார்கள். நிற்கவில்லை. தண்ணீர் புளிக் குவியல் பக்கம் போவதைப் பார்த்து அம்மா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து குவியலைச் சுவர் ஓரம் தள்ளினாள். அது வியாபாரியின் புளி. நனைந்தால் கூலியில் பிடிப்பான். என் பாவாடை நனைந்திருந்தது. அன்றைக்கு மழை பெய்தது என்றுதான் 25 வருடத்துக்கு மேல் நினைத்துக்கொண்டிருந்தேன்."

ஆயா அம்மாவிடம் பேசிய அரைப் பக்கத்தை எடுத்துவிட்டேன். நிருபர் அண்ணா சொன்னபடி அடுப்பில் என்ன இருந்தது என்று கேட்டேன். "கேவுரு கூழு. ஆயா ஒரு வாய் குடிச்சிட்டு உப்பு பத்தலன்னுச்சு" என்றார் அம்மா. அதற்குப் பிறகு ஆயா பேசியது அம்மாவுக்கு ஞாபகம் இல்லை. உப்பு பத்தலை, அவ்வளவுதான். அதையே வைத்திருக்கிறேன்.


மாங்கொட்டை (கிருஷ்ணகிரி)
வியாழன், காலை 7.05

சரி, தோற்றேன். அழுத வானத்தைவிட அந்த 'வியாபாரியின் புளி' பத்து மடங்கு மேல். ஆனால் ஒரு விஷயத்தில் என் பக்கம் நிற்கிறேன்: அந்தத் தப்பான ஞாபகத்தையும் எடுக்காமல் கடைசி வரியில் வைத்தீர்கள் பாருங்கள், அதுதான் இந்தப் பத்தியைத் தூக்குகிறது. மழை கட்டுரையை விட்டுப் போகவில்லை.


தொப்பூர்_கணவாய் (தருமபுரி)
வியாழன், காலை 7.40

போகச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. 'பெய்தது' என்று எழுதாதே என்றோம். 'பெய்தது என்று நினைத்தேன்' என்பது உண்மைதானே. ஞாபகம் தப்பிய இடத்தில் தப்பியது என்று எழுதினால் வாசகர் இன்னும் கிட்டே வருகிறார். 'எனக்குத் தெரிந்த வரை', 'அம்மா சொன்னது, சித்தப்பா இல்லை என்கிறார்' என்பதெல்லாம் கட்டுரையைப் பலவீனமாக்கும் என்று பயப்படுகிறோம், நேர்மாறாகத்தான் நடக்கிறது.

என் பங்குக்கு ஒரு கேள்வி. நோட்டில் 'பறை 4 பேர்' இருக்கிறது. உங்கள் கட்டுரையில் பறைச் சத்தமே இல்லை. நான்கு பேர் வெயிலில் நின்று அடித்திருக்கிறார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்து அப்பா எழுதியும் வைத்திருக்கிறார். ஐஸுக்கு இடம் கொடுத்த கட்டுரையில் அவர்களுக்கு இடம் இல்லை. சேர்த்த மழையைப் பற்றி மூன்று நாள் பேசினோம், விட்டுப்போன ஆட்களைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை, நானும்தான்.


புளியம்பூ (பென்னாகரம்)
வியாழன், பகல் 1.10

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை. உண்மைதான். அவர்களை எந்தத் தெருவிலிருந்து அழைத்தார்கள், டீ எந்த டம்ளரில் கொடுத்தார்கள் என்று எனக்கே தெரியும். தெரிந்ததால்தான் விட்டிருக்கிறேன் போல. எழுதுகிறேன். அந்த நால்வரில் ஒருவர் இன்னும் ஊரில் இருக்கிறார், முதலில் அவரிடம் போய்ப் பேச வேண்டும்.

இன்னொரு சின்ன சந்தேகம். வியாபாரி எடையில் ஏமாற்றுவார் என்று நடுவில் ஒரு பத்தி இருக்கிறது. பெயர் போடலாமா? ஆள் இறந்துவிட்டார்.


ஒசூர்_நிருபர் (ஒசூர்)
வியாழன், மாலை 5.30

வேண்டாம், அவதூறு வழக்கு வரலாம். அதற்கு 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500. செத்தவர் என்றாலும் குடும்பத்தைப் புண்படுத்தும் நோக்கம் என்று சொல்லி வழக்குப் போட இடம் இருக்கிறது. நடந்தது உண்மை என்று மட்டும் சொன்னால் போதாது, பொது நன்மைக்காக எழுதினேன் என்றும் காட்ட வேண்டிவரும். உங்கள் கட்டுரைக்கு அந்தப் பெயரால் என்ன லாபம்? 'வியாபாரி' என்றே இருக்கட்டும். அவர் தராசை எப்படிப் பிடிப்பார் என்று எழுதுங்கள், ஊருக்கே தெரிந்துவிடும்.

பெயரை மாற்றுவதாக இருந்தால் மாற்றியிருக்கிறேன் என்று அடியில் ஒரு வரி. இரண்டு வியாபாரிகளைச் சேர்த்து ஒரே ஆளாக ஆக்குகிற வேலை மட்டும் வேண்டாம்.


ஓய்வு_வாத்தியார் (ஊத்தங்கரை)
வியாழன், இரவு 7.55

நல்ல பத்தி அம்மா. வாத்தியார் புத்தி, ஒரு இடத்தில் சிவப்பு மை. 'அம்மா அழுகையை நிறுத்திவிட்டு எழுந்து' என்றிருக்கிறது. இதை அம்மா சொன்னாரா, வாக்கியம் நன்றாக வருகிறது என்று நீங்கள் போட்டதா?


புளியம்பூ (பென்னாகரம்)
வியாழன், இரவு 9.20

மாட்டிக்கொண்டேன் ஐயா. நான் போட்டதுதான். இப்போது அம்மாவிடம் கேட்டேன். "எங்க நிறுத்தினேன்? அழுதுகினேதான் தள்ளினேன்" என்றார்.

திருத்திவிட்டேன்: "அம்மா அழுதுகொண்டே எழுந்து குவியலைச் சுவர் ஓரம் தள்ளினாள்."


நர்ஸக்கா (அரூர்)
வியாழன், இரவு 10.02

கண்ணு, அந்த ஐஸ் எங்கே வாங்கியது? 98இல் பென்னாகரத்தில் ஐஸ் பார் கிடைத்ததா என்ன? தருமபுரியிலிருந்து என்றால் 30 கிலோமீட்டர் பக்கம் வரும். மார்ச் வெயிலில் வருவதற்குள் பாதி கரைந்திருக்குமே.


புளியம்பூ (பென்னாகரம்)
வியாழன், இரவு 10.11

'வண்டியோடு 320' என்றுதான் இருக்கிறது அக்கா. என்ன வண்டி என்று இல்லை. சாக்கு 2 என்று எழுதியிருப்பது ஒருவேளை ஐஸைச் சுற்றிக் கொண்டுவந்த சாக்காக இருக்கலாம். சித்தப்பாதான் போய் வாங்கி வந்திருக்க வேண்டும். இப்போது தூங்கியிருப்பார். காலையில் போன் போடுகிறேன்.